விடுமுறைப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு புரோநோட்டுச் சட்டம்

ஆண்டுக் கடைசி நெருங்கும்போது தமிழ்நாடு அரசு அடுத்த ஆண்டுக்கான பொது விடுமுறைப் பட்டியலை வெளியிடும். பத்திரிகைகள் அதைக் கட்டம் கட்டிப் போடும். நாம் முதலில் தேடுவது, எத்தனை விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்து வீணாகியிருக்கிறது என்பதைத்தான். 2025-ஆம் ஆண்டில் குடியரசு நாள், தெலுங்கு வருடப் பிறப்பு, மொகரம் மூன்றும் ஞாயிற்றுக்கிழமை. போதாக்குறைக்குக் காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் அக்டோபர் 2 அன்றே சேர்ந்து வந்தன. இந்த வருத்தக் கணக்கை முடித்ததும் பட்டியலை மடித்து வைத்துவிடுகிறோம். ஆனால் அந்த அறிவிப்பின் தொடக்கத்தில், அநேகமாக யாரும் படிக்காத ஒரு வாக்கியம் இருக்கிறது. 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், 25-ஆம் பிரிவின் விளக்கத்தின்படி இந்த நாட்கள் பொது விடுமுறையாக அறிவிக்கப்படுகின்றன என்பது அதன் சாரம்.

செலாவணி முறிச் சட்டம் என்பது புரோநோட்டு, மாற்றுச் சீட்டு, காசோலை ஆகியவற்றுக்கான சட்டம். காசோலை பணமின்றித் திரும்பினால் வழக்குப் போடுகிறார்களே, அந்த 138-ஆம் பிரிவு இருப்பதும் இதில்தான். கடன் பத்திரச் சட்டத்துக்கும் பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தியாவில் பொது விடுமுறைகளுக்கென்று தனியாக ஒரு மத்தியச் சட்டம் கிடையாது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று இருக்கின்றன. மூன்றிலும் தேடினாலும் ‘விடுமுறை’ என்றொரு தலைப்பு அகப்படாது. ஆகவே அரசுகள் வேறொரு சட்டத்தில் போகிற போக்கில் சொல்லப்பட்ட ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் விடுமுறை விடுகின்றன. அந்த வரி ஏன் கடன் பத்திரச் சட்டத்தில் இருக்கிறது என்பதற்கு நல்ல காரணம் உண்டு.

ஒருவர் கடன் வாங்கி, இன்ன தேதியில் திருப்பித் தருகிறேன் என்று தேதி குறித்துப் புரோநோட்டு எழுதிக் கொடுக்கிறார். அந்தத் தேதியில் வங்கியும் கடையும் மூடியிருந்தால் என்ன செய்வது? பணம் கட்டவில்லை என்று அவரைத் தவணை தவறியவராக்கலாமா? இந்தத் தகராறு வராமல் இருக்கச் சட்டம் முன்கூட்டியே விதி சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்வதென்றால் எது விடுமுறை, எது வேலைநாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிவு 25 சொல்வது இதுதான்: முதிர்வு நாள் பொது விடுமுறையில் வந்தால், அதற்கு முந்தைய வேலைநாளிலேயே பணம் கட்ட வேண்டியதாகக் கொள்ளப்படும். உடனே அதன் கீழே ஒரு விளக்கம்: பொது விடுமுறை என்பதில் ஞாயிற்றுக்கிழமைகளும், மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் பிற நாட்களும் அடங்கும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 2025 ஆகஸ்ட் 12 அன்று பணம் தருவதாக ஒரு புரோநோட்டு. இதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு மூன்று சலுகை நாட்களைக் கொடுக்கிறது. அதைக் கூட்டினால் முதிர்வு நாள் ஆகஸ்ட் 15. அது சுதந்திர தினம், வெள்ளிக்கிழமை. எனவே பணம் கட்ட வேண்டிய நாள் ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை ஆகிவிடுகிறது. விடுமுறை வந்தால் கடன்காரருக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைப்போம். இங்கே ஒரு நாள் குறைகிறது.

நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யக் கடைசி நாள் அதே ஆகஸ்ட் 15 என்று வைத்துக்கொள்வோம். அங்கே கணக்கு நேர்மாறாக ஓடும். 1897-ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம், நீதிமன்றமோ அலுவலகமோ மூடியிருக்கும் நாளில் கெடு முடிந்தால், அது மறுபடி திறக்கும் முதல் நாளில் செய்தால் போதும் என்கிறது. ஆகஸ்ட் 15 வெள்ளி, 16 சனி கிருஷ்ண ஜெயந்தி, 17 ஞாயிறு. நீதிமன்றம் மூன்று நாளும் மூடியிருந்தால் திங்கட்கிழமை 18 வரை நேரம் கிடைக்கும். ஒரே விடுமுறை, கடன் பாக்கிக்காரரை வியாழனுக்கு இழுக்கிறது. வழக்குக்காரரைத் திங்களுக்குத் தள்ளுகிறது. ‘லீவு’ என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவது சட்டத்தில் பல வேறு பொருளாக இருக்கிறது. ஒரு நாள் விடுமுறையா என்ற கேள்விக்கு முழுப் பதில் வேண்டுமென்றால், யாருக்கு, எந்தச் சட்டப்படி என்று கூடவே கேட்க வேண்டும்.

1881-இல் எழுதியபோது இந்த விளக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையோடு ஆங்கிலப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி ஆகியவையும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தன. புத்தாண்டோ கிறிஸ்துமஸோ ஞாயிறன்று வந்தால் அடுத்த திங்கட்கிழமை விடுமுறை என்ற ஏற்பாடும் இருந்தது. சட்டம் எழுதியவர்கள் யார் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. 1955-இல் வந்த திருத்தம் அந்தப் பெயர்களை எடுத்துவிட்டது. திங்கட்கிழமை ஏற்பாடும் கூடவே போயிற்று. இன்று அந்தச் சட்டத்தில் பெயரோடு இருக்கும் விடுமுறை ஞாயிறு ஒன்றே. தீபாவளிக்குக்கூட அங்கே இடமில்லை. அது ஆண்டுதோறும் அறிவிக்கப்பட்டால்தான் விடுமுறை.

அறிவிக்க வேண்டியது மத்திய அரசு என்றல்லவா சட்டம் சொல்கிறது, மாநில அரசு எப்படி அறிவிக்கிறது? மாற்றுச் சீட்டு, காசோலை, புரோநோட்டு எல்லாம் மத்தியப் பட்டியலின் 46-ஆம் தலைப்பில் வருபவை. ஆகவே இயல்பாக இது மத்திய அரசின் அதிகாரம். ஆனால் கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் சேர்த்து டெல்லியிலிருந்து ஒரே பட்டியல் போடுவது நடக்கிற காரியமா? எனவே மத்திய உள்துறை அமைச்சகம் 1957 ஜூன் 8 தேதியிட்ட அறிவிக்கையால் இந்த அதிகாரத்தை மாநிலத்திடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டின் விடுமுறை அறிவிப்பில் இன்றைக்கும் அந்த அறிவிக்கையின் எண்ணும் தேதியும் இடம்பெறும். மற்ற மாநிலங்களும் இதே போன்ற ஒப்படைப்பின் பேரில்தான் செயல்படுகின்றன. சுருக்கமாகச் சொன்னால் பேனா மாநிலத்தின் கையில், மை டெல்லியுடையது.

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்வது தலைமைச் செயலகத்தின் பொதுத் துறை. பட்டியல் அரசாணையாக வெளிவந்து அரசிதழில் அச்சேறும். அதில் ஏப்ரல் 1 ஒரு வினோதமான வரி: வணிக வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் ஆண்டுக் கணக்கு முடிப்பு. பட்டியலில் இருக்கிறதே என்று அன்று வட்டாட்சியர் அலுவலகம் போகாமல் இருந்துவிடக் கூடாது. அது வங்கிகளுக்கு மட்டும். வங்கிகளின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறையும் இதே பிரிவு 25-இல் பிறந்ததுதான். மத்திய அரசு அதை அறிவிக்க, 2015 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

மத்திய அரசு அலுவலகங்களின் கணக்கு வேறு. அவற்றுக்குப் பதினான்கு கட்டாய விடுமுறைகள். பன்னிரண்டு நாட்கள் கொண்ட இன்னொரு பட்டியலிலிருந்து அந்தந்த மாநிலத்துக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கும் மூன்று. ஊழியர் தம் விருப்பப்படி எடுத்துக்கொள்ளும் வரையறுக்கப்பட்ட விடுமுறை இரண்டு. கட்டாயப் பதினான்கில் புத்த பூர்ணிமாவும் குரு நானக் ஜெயந்தியும் உண்டு. தமிழ்நாட்டுப் பட்டியலில் அவை இல்லை. அதனால்தான் ஒரே தெருவில் தபால் நிலையம் பூட்டியிருக்க, எதிரே சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் நெரிவதைச் சில நாட்களில் பார்க்கிறோம். இரண்டு அலுவலகமும் அவரவர் பட்டியலைச் சரியாகவே பின்பற்றுகின்றன.

பட்டியல் வந்துவிட்டால் அது கல்வெட்டு ஆகிவிடாது. ரம்ஜான், பக்ரீத், மொகரம், மிலாது நபி எல்லாம் பிறை பார்த்து முடிவாகும் நாட்கள். அரசு முன்கூட்டி ஒரு தேதியைக் குறிக்கும். தலைமைக் காஜி வேறு நாளை அறிவித்தால் அரசு திருத்த ஆணை போடும். 2024-இல் மிலாது நபி விடுமுறை செப்டம்பர் 16-லிருந்து 17-க்கு மாறியது அப்படித்தான். பிறைக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல் என்று எண்ண வேண்டாம். பஞ்சாங்கமும் காலை வாரும். 2023-இல் விநாயகர் சதுர்த்திக்கு அரசு முதலில் குறித்தது செப்டம்பர் 17. பிறகு அது 18-ஆக மாற்றப்பட்டது. 17 ஞாயிறு, 18 திங்கள் என்பதால் அந்த முறை யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

புதிய நாளைச் சேர்ப்பதும் இதே போல எளிது. தைப்பூசம் பொது விடுமுறை ஆனது 2021-இல்தான். அந்த ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார், அதே மாதம் 28-ஆம் தேதி வந்த தைப்பூசத்துக்கே விடுமுறை. சட்டமன்றத்தில் மசோதா, விவாதம், வாக்கெடுப்பு எதுவும் தேவைப்படவில்லை. துக்க நாட்களுக்கும் இப்படித்தான்: 2015 ஜூலை 30 அன்று ராமேசுவரத்தில் அப்துல் கலாமின் இறுதிச் சடங்கு நடந்தபோது தமிழ்நாட்டில் பொது விடுமுறை விடப்பட்டது. நீக்குவதற்கும் ஓர் ஆணை போதும். உத்தரப் பிரதேசத்தில் 2017-இல் யோகி ஆதித்யநாத் அரசு, தலைவர்களின் பிறந்த நாள், நினைவு நாள் என்றிருந்த பதினைந்து விடுமுறைகளை ஒரேயடியாக ரத்து செய்தது. ஜம்மு காஷ்மீரில் 2019 டிசம்பரில் வந்த பட்டியலில் ஜூலை 13 தியாகிகள் தினமும் ஷேக் அப்துல்லாவின் பிறந்த நாளும் காணாமல் போயின. இந்தியாவுடன் இணைந்த நாளான அக்டோபர் 26 புதிதாக நுழைந்தது. ஓர் ஆட்சி எதை நினைவில் வைக்க விரும்புகிறது என்பதை அதன் விடுமுறைப் பட்டியலைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

ஆணைக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டத் தமிழ்நாட்டிலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 2008-இல் கருணாநிதி ஆட்சி, தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டமன்றத்தில் சட்டமே இயற்றியது. சட்டமாக நிறைவேற்றியதை ஆணையால் மாற்ற முடியாது. எனவே 2011-இல் ஜெயலலிதா ஆட்சி அதை நீக்க இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. இத்தனை ஆண்டும் ஏப்ரல் 14 விடுமுறையாகவே இருந்தது, ஏனெனில் அது அம்பேத்கர் பிறந்த நாளும்கூட. புத்தாண்டு எந்த நாள் என்பதில் இரண்டு சட்டங்கள் மோதிக்கொண்டன. அலுவலக வாசலில் தொங்கிய பூட்டுக்கு எந்த மாற்றமும் இல்லை.

இனி, மாவட்டங்களில் விடும் உள்ளூர் விடுமுறை. அழகர் வைகையில் இறங்கும் நாளில் மதுரைக்கு, ராஜராஜன் சதய விழாவுக்குத் தஞ்சைக்கு, வைகுண்ட ஏகாதசிக்குத் திருச்சிக்கு, நாகூர் கந்தூரிக்கு நாகைக்கு என்று மாவட்ட ஆட்சியர்கள் விடுவது. இந்தச் செய்திகளின் கடைசிப் பத்தி எல்லா மாவட்டத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது. எனவே மாவட்டக் கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் அவசரப் பணிகளுக்காகக் குறைந்தபட்சப் பணியாளர்களுடன் இயங்கும். இதற்கு ஈடாக இன்ன சனிக்கிழமை வேலைநாள். முதல் வாசிப்பில் இது அதிகாரிகளின் வெறும் சடங்கு மொழியாகத் தோன்றும். உண்மையில் முக்கியமான மூன்று செய்திகள் அதில் இருக்கின்றன.

ஆட்சியரிடம் பிரிவு 25-இன் அதிகாரம் இல்லை என்பது முதல் செய்தி. மத்திய அரசிடமிருந்து மாநில அரசுக்கு வந்த அதிகாரம் அங்கேயே நின்றுவிட்டது, மாவட்டத்துக்கு இறங்கவில்லை. ஆகவே உள்ளூர் விடுமுறை நாளில் முதிரும் புரோநோட்டு அன்றே முதிரும். முந்தைய நாளுக்கு நகராது. இரண்டாவது, அந்த அறிவிப்பு வங்கிகளைக் கட்டுப்படுத்தாது. தேரோட்டத்துக்கு ஊரே திரண்டிருக்க, வங்கிக் கிளை மட்டும் திறந்திருப்பதன் காரணம் இது. மூன்றாவது, அது முழு விடுமுறைகூட இல்லை. வேறொரு சனிக்கிழமையைக் கொடுத்து வாங்கிய நாள். மழைக்குப் பள்ளி, கல்லூரிகளுக்கு விடும் விடுமுறை இதைவிடவும் கீழ்ப்படி. மாணவர்கள் அதைத்தான் தலைசிறந்த விடுமுறையாகக் கருதுகிறார்கள் என்பது வேறு கதை.

இந்தக் கொடுக்கல் வாங்கல் மாநில அளவிலும் நடக்கும். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழன். மறுநாள் வெள்ளியும் விட்டால் ஊருக்குப் போனவர்கள் நிதானமாகத் திரும்பலாம் என்று நவம்பர் 1 விடுமுறை ஆனது. அதற்குப் பதிலாக நவம்பர் 9, சனிக்கிழமை வேலைநாள் ஆயிற்று. இப்படிக் கிடைத்த நாளைக் கொண்டாடும்போது அந்தச் சனிக்கிழமையை எல்லோரும் மறந்துவிடுவது வழக்கம்.

ஒரு நாளை விடுமுறையாக அறிவிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போக முடியுமா? போனார்கள். போர்ச்சுக்கீசியரிடமிருந்து தாத்ரா நகர் ஹவேலி விடுபட்ட நாள் ஆகஸ்ட் 2. அதைப் பொது விடுமுறையாக்க வேண்டும் என்று கேட்ட மனுவை 2022 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பொது விடுமுறை பெறுவது யாருக்கும் சட்ட உரிமை அல்ல. விடுமுறைகள் ஏற்கெனவே அதிகம், குறைக்கத்தான் வேண்டும் என்றது. எதிர்த் திசையிலும் ஒரு வழக்கு வந்தது. அயோத்தி ராமர் கோயில் பிரதிஷ்டைக்காக 2024 ஜனவரி 22-ஐ மகாராஷ்டிர அரசு விடுமுறையாக அறிவித்தபோது, மாநிலத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று சட்ட மாணவர்கள் நால்வர் மனுச் செய்தார்கள். விடுமுறையைப் பற்றிய அந்த வழக்கை அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சிறப்பு அமர்வாக உட்கார்ந்து கேட்டுத் தள்ளுபடி செய்தார்கள். எது விடுமுறை என்பது அரசின் கொள்கை முடிவு. கேட்டு வாங்கவும் முடியாது, எதிர்த்து நிறுத்துவதும் கடினம். என்னைக் கேட்டால், இவ்வளவு பேரைத் தொடும் முடிவு இவ்வளவு மெல்லிய நூலில் தொங்குவது அவ்வளவு நல்லதல்ல. பட்டியல் எப்படித் தயாராகிறது, எந்த அளவுகோலில் ஒரு நாள் சேர்கிறது என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை.

விடுமுறைக்கென்றே சட்டம் வைத்திருக்கும் நாட்டுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. இலங்கையில் 1971-ஆம் ஆண்டின் 29-ஆம் இலக்க விடுமுறைகள் சட்டம் இருக்கிறது. அதற்கு முன், 1966 முதல் சில ஆண்டுகள், அங்கே ஞாயிற்றுக்கிழமை வாராந்தர விடுமுறையாக இல்லை. சந்திரனின் நிலையை ஒட்டி வரும் போயா நாட்களே வார விடுமுறை. வாரத்தின் நீளமே அவ்வப்போது மாறியதால் வெளிநாட்டு வணிகம் தடுமாறியது. 1971-இல் ஞாயிறு திரும்பி வந்தது. முழுமதிப் போயா பொது விடுமுறையாக நிலைத்தது. தைப்பொங்கல், மகா சிவராத்திரி, தீபாவளி அங்கும் பொது விடுமுறைகளே. இன்றும் இலங்கை நாட்காட்டிகள் பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று தனித்தனி அடையாளமிட்டே அச்சாகின்றன. யாருக்கு விடுமுறை என்ற கேள்விக்குப் பதில் காலண்டரிலேயே இருக்கிறது.

கடைசியாக, நம்மில் பெரும்பாலோர் வேலை செய்யும் தனியார் துறை. அரசு வெளியிடும் நீண்ட பட்டியல் அவர்களைக் கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டில் அதற்கு 1958-ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம். தொழிற்சாலை, கடை, அலுவலகம் என்று பலவற்றையும் தொடும் இந்தச் சட்டம் உறுதி செய்வது ஒன்பது நாட்கள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், பண்டிகைகளுக்காக ஐந்தும். அந்த ஐந்து எவை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம். இந்த நாட்களில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் ஊதியத்துடன் விடுமுறை தர வேண்டும். உங்கள் நிறுவனம் மகாவீர் ஜெயந்திக்கு விடவில்லை என்றால் அது சட்ட மீறல் அல்ல. ஆகஸ்ட் 15 அன்று வரச் சொல்லிவிட்டுச் சாதாரணச் சம்பளம் தந்தால் அது மீறல்.

வாக்குப்பதிவு நாள் இவற்றுக்கெல்லாம் வெளியே நிற்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவின்படி, அந்தத் தொகுதியில் வாக்குரிமை உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் அன்று ஊதியத்துடன் விடுமுறை தர வேண்டும். தினக் கூலிக்கும் இது பொருந்தும். அவர் வராவிட்டால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ ஏற்படும் வேலை என்றால் மட்டும் விலக்கு. 1996-இல் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவை மீறும் முதலாளிக்கு ஐந்நூறு ரூபாய் வரை அபராதம் உண்டு. ஒருவர் ஒரு நாள் வேலைக்கு வந்தால் கிடைக்கும் லாபம் அதைவிடக் கூடுதலாக இருக்கும் கடைகள் எத்தனையோ.